பனியில் பஸ் சொல்லும் ஆட்டம்

மாதனூர் பக்கம் எங்கள் ஊர். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்கிறேன். காலை ஆறேமுக்காலுக்குக் கம்பெனி பஸ். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அவள் தூங்கும்போதே கிளம்பிவிடுவேன். எழுந்ததும் என்னைக் காணாமல் மதியம் வரைக்கும் அழுவாள். நிலத்து வேலையோடு அவளையும் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர்.

"திருடி மாதிரி போற. புள்ளைகிட்ட சொல்லிட்டுப் போயேன்" என்பார்.

"சொன்னா வுடுவாளா?" என்பேன்.

ஒரு மார்கழிக் காலையில் அவளே எழுந்துவிட்டாள். என் காலைக் கட்டிக்கொண்டாள். வேறு வழியில்லை. ஸ்வெட்டர் மாட்டி, காதை மூடித் துண்டு கட்டி, மூன்று பேருமாக பஸ் ஸ்டாப்புக்குப் போனோம்.

பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. வேலைக்குப் போகிற பெண்களோடு நாலைந்து பிள்ளைகளும் வந்திருந்தன. குளிருக்குக் குதித்துக்கொண்டு வாயால் புகை விட்டன. என் மகளும் விட்டாள்.

"அம்மா, பீடி" என்றாள்.

"அப்பன் பழக்கம்" என்றாள் பக்கத்தில் நின்றவள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு பஸ் ஆட்டம். அந்த ஸ்டாப்புக்கு நிறைய கம்பெனி பஸ் வரும். பனியில் விளக்கு மட்டும்தான் முதலில் தெரியும். அதை வைத்தே எந்தக் கம்பெனி பஸ் என்று முந்திக் கத்துகிற பிள்ளை ஜெயிக்கும். எங்கள் பஸ்ஸுக்கு ஒரு விளக்கு மங்கல். மகளுக்கு அதைச் சொல்லிவைத்தேன்.

இரண்டு பஸ் போனது. அடுத்தது ஒரு விளக்கு மங்கலாக வந்தது.

"எங்கம்மா பஸ்ஸு" என்று கத்தினாள்.

அவள் முகம் மாறுவதற்குள் போய்விடலாம் என்று கம்பெனி பெயர்ப் பலகையைப் பார்க்காமல் ஏறினேன். பஸ் நகர்ந்தது. உள்ளே ஒருத்தியும் தெரிந்தவள் இல்லை.

"இன்னாக்கா, எங்க கம்பெனியில சேந்துட்டியா?" என்றாள் ஒருத்தி.

"இருக்கட்டும்டி, நம்ம தையல் லைன்ல ஆள் கம்மி" என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் சிரித்துக்கொண்டே நிறுத்தினார்.

இறங்கித் திரும்பி நடந்தேன். பனிக்குள்ளிருந்து மகளின் அழுகை கேட்டது. கிட்டே போனதும் அழுகை நின்றுவிட்டது.

"தப்பா சொல்லிட்ட. நீ அவுட்டு" என்றான் ஒரு பையன்.

"எங்கம்மாதான் தப்பா ஏறிடுச்சி. நான் அவுட்டு இல்ல" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவள் முன்னால் உட்கார்ந்தேன். இதுவரை சொல்லாததைச் சொன்னேன்.

"அம்மா வேலைக்குப் போறேன். சாயந்தரம் வந்துடுவேன்."

தலையாட்டினாள்.

"பாத்து ஏறு" என்றாள்.

எங்கள் பஸ் வந்தது. பலகையைப் படித்துவிட்டு ஏறினேன். ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். அவள் பார்க்கவில்லை. அடுத்த விளக்கு வருகிற பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.