மீட்டருக்கு வலப்பக்கம்

மகள் வரைபடத்தாளில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழுமாகச் சின்னக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அது எதுக்கு கண்ணு?”

“கரண்ட் அளக்குற மீட்டர் முள்ளை நேரா மேல இருந்து பாக்கணும்மா. பக்கத்துல இருந்து பாத்தா நம்பர் மாறிடும். அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்தக் கோடு.”

நான் படித்த ஏற்காட்டுப் பள்ளியின் ஆய்வுக்கூடம் கண்முன் வந்தது. சன்னல் வழியே பனி நுழைந்து மேசையெல்லாம் ஈரமர வாசனை அடிக்கும். மீட்டருக்கு இடப்பக்கம் நான். வலப்பக்கம் மளிகைக்கடை பாயின் மகள் மும்தாஜ். தினமும் மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

“ஒன்னு புள்ளி ஆறு,” என்றேன்.

“தூங்கிட்டே பாத்தியாடி? ஒன்னு புள்ளி நாலு!”

டீச்சர் வந்ததும் நான் முந்திக்கொண்டேன். “சேர்வராயன் சாமி சத்தியமுங்க டீச்சர், இவ பொய் சொல்றாளுங்க.”

சத்தியம் என்றதும் டீச்சர் என் எண்ணையே புள்ளியாக வைக்கச் சொன்னார். மும்தாஜ் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

“அப்ப ரெண்டு பேரு ரெண்டு நம்பர் சொன்னா?” என்று மகளிடம் கேட்டேன்.

“ரெண்டும் பொய்யில்லம்மா. உக்காந்த இடம் அப்படி.”

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நெடுநேரம் நின்றேன். சாமி, நான் பார்த்ததைத்தான் சத்தியம் செய்தேன். ஆனால் அவள் பார்த்ததை உன் பேரால் பொய்யாக்கிவிட்டேன். அன்றே எழுந்துபோய் அவள் பக்கம் ஒருதடவை உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.