ஜூலியின் பின்கழுத்து

ஐந்தாம் வகுப்பில் நான் ஒரு துப்பறியும் நோட்டு வைத்திருந்தேன். அதில் முதல் குற்றவாளி சித்தப்பா. கிணத்துக்கடவுத் தோப்பு வீட்டில் எங்கள் நாய் ஜூலி, அவர் ஆசையாக வளர்த்த சேவலைக் கடித்துக் கொன்றது. மறுநாளே அவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயின் மூக்கை உடைத்து, ஜூலியின் பின்கழுத்தில் ஏதோ சொட்டினார். என்னவென்று கேட்டேன்.

"உண்ணி மருந்து அம்மணி. கைய வெச்சுப்போடாத, வெசம்."

தானே ஒப்புக்கொள்கிறாரே! அவர் அந்தப் பக்கம் போனதும் ஜூலியைத் துவைக்கிற கல்லுக்கு இழுத்துப்போய், இரண்டு பாக்கெட் ஷாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். உயிரைக் காப்பாற்றிய பெருமையில் காலிப் பாக்கெட்டுகளை அங்கேயே போட்டுவிட்டேன்.

மூன்றே வாரம். ஜூலி சோற்றைத் தொடவில்லை. காது மடிப்பில் பயறு பயறாக உண்ணி. ஈறு வெளுத்து, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. 'மறுபடி விஷம்' என்று நோட்டில் குறித்தேன். துவைக்கிற கல்லருகே எதையோ பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, சித்தப்பாவே ஜூலியைக் காரில் தூக்கிப் போட்டபோது நடிப்பு என்று பட்டது. நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா காது நுனியில் குத்தினார். ரத்தமில்லாமல் கிடக்கிற நாயிடம் ரத்தம் எடுக்கிறாரே, இவரும் கூட்டா? ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"உண்ணிக் காய்ச்சல்ங்க. கிருமி ரத்த அணுவுக்குள்ளயே உக்காந்து உடைக்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா போய்ச் சேர்ந்திருக்கும். உண்ணி மருந்து போட்டீங்களா, இல்லீங்களா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"மறந்துபோட்டனுங்க."

"சோறு திங்க மறப்பீங்களா? வாயில்லா ஜீவன்னா மட்டும் மறந்துருமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். 'பொய். போட்டதை என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினேன்.

ஊசி போட்டதும் ஜூலியின் வாயிலிருந்து எச்சில் கொட்டியது. "வெசம்! வெசம்!" என்று கத்தினேன்.

"இந்த ஊசிக்கு அப்படித்தான் கண்ணு. செத்த நேரத்துல நின்னுரும்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

எச்சிலைத் துடைக்க சித்தப்பா சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே இரண்டு காலி ஷாம்பு பாக்கெட்டுகள் கீழே விழுந்தன. டாக்டரம்மா பார்ப்பதற்குள் செருப்பால் மிதித்து மறைத்து, பிறகு குனிந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஜூலி எழுந்து இன்னொரு சேவலைத் துரத்தியது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசி வரி: 'சித்தப்பா ஆதாரத்தை மறைக்கிறார்.'

யார் செய்த குற்றத்துக்கு ஆதாரம் என்று எழுத அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.