அக்கா பார்க்காத இடம்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் முன்னால் உட்கார்ந்து பில் போடுகிறவள் நான். பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள் சின்னவள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அவள் சின்னவள்தான். வீட்டில் மூத்தவளாக ஒருத்தி இருந்ததால் வந்த பெயர். அந்த மூத்தவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இவளுக்கு இன்னும் பதவி உயர்வு வரவில்லை.

கடையில் சின்னது பெரிதென்று பார்க்காமல் எல்லாரும் என்னை அக்கா என்பார்கள். அவள் மட்டும் மேடம் என்பாள். மரியாதை என்று நினைத்து நானும் கொஞ்ச நாள் குளிர்ந்துபோயிருந்தேன். அந்தச் சொல்லை வாயில் வைக்கவே அவளுக்குப் பிடிக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவளுடைய அக்கா போட்ட கவுன், அக்கா படித்த புத்தகம், அக்கா ஓட்டிய சைக்கிள். எதுவும் அவளிடம் நேராக வந்ததில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அக்காவின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுவாளாம். அடித்த பெயர்தான் பளிச்சென்று தெரியுமாம். கடைசியில் புருஷனும் அதே வழியாக வந்து சேர்ந்தார். இதை நான் சொல்லவில்லை. அவளே சொல்லி அவளே சிரிப்பாள், கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

அக்கா காய்ச்சலில் போனபோது அவள் பெண்ணுக்கு ஐந்து வயது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சித்தி கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது பிள்ளையை வேறு எவள் கையிலோ கொடுப்பானேன் என்றார்கள். இவளிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள், சரி என்றாள். பிடித்துத்தான் சரி என்றாள், அதையும் சொல்லிவிட வேண்டும். அத்தான் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாளெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் குரலை உயர்த்தவே மாட்டார்.

கல்யாணம் ஆயிற்று. ஆனால் அந்த வீட்டில் ஒரு சொல்கூட மாறவில்லை. அக்கா புருஷனாக இருந்தவரை அத்தான் என்று கூப்பிட்டாள், தன் புருஷனான பிறகும் அவர் அத்தான்தான். பெண்ணுக்கு வீட்டில் வாலு என்று பெயர். வாலு பேசக் கற்றதிலிருந்து இவளைச் சித்தி என்றது, இன்றும் சித்தி என்கிறது. முன்பெல்லாம் அந்தச் சொல் காதில் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது கேட்கிறவர்கள் “சித்தியா...” என்று ஒரு இழுப்பு இழுக்கிறார்கள். அப்பன் இரண்டாவதாகக் கட்டியவளுக்கும் அதே சொல்தானே.

இந்தக் கோடை விடுமுறையில் மூன்று பேரும் தலைநகருக்குப் போவதென்று முடிவானது. அருங்காட்சியகம், கோட்டை, பழைய அரண்மனை என்று ஊர் நிறையப் பார்க்க இருக்கிறது. வாலுவுக்கு நாலு வயதாக இருந்தபோது அக்காவும் அத்தானும் அவளைத் தூக்கிக்கொண்டு போன அதே ஊர். அன்றைக்கு இவளும் வருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். “நீயும் வந்துட்டா வீட்ட யாரு பாத்துக்கிறது?” என்று அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டாள். திரும்பி வந்து காட்டிய படங்களை ஒழுங்காகப் பார்க்காமலே நன்றாயிருக்கிறது என்று சொல்லிவைத்தாள் இவள்.

கிளம்புவதற்கு முதல்நாள் என்னிடம் வந்தாள்.

“மேடம், அவ பாக்காத எடம் ஒண்ணாவது நான் பாத்துட்டு வரணும். ஒண்ணு போதும்.”

“செத்துப்போனவகூட என்னடி போட்டி?” என்றேன்.

“உயிரோட இருந்தா சண்ட போட்டுத் தீத்திருப்பேன். இப்ப யாருகூடப் போடறது?”

போய் வந்த பிறகு, லென்ஸ் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே, அங்கே நடந்ததைத் தவணை தவணையாகச் சொன்னாள்.

முதல் நாள் பெரிய அருங்காட்சியகம். உள்ளே நுழையும் முன்பே அத்தான் ஆரம்பித்துவிட்டார். “போன தடவ டிக்கெட்டு அந்தப் பக்கம் குடுத்தாங்க.” மாடிப்படி ஏறும்போது ஒரு போன தடவை. தண்ணீர்க் குழாயைப் பார்த்ததும் ஒரு போன தடவை. அவர் வாயில் அக்காவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை, அதுதான் இவளுக்கு இன்னும் எரிந்தது. பெயர் சொன்னாலாவது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். போன தடவை என்ற சொல்லிடம் என்ன கோபித்துக்கொள்வது?

ஒரு கூடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை மேலே தொங்கவிட்டிருந்தார்கள்.

“போன தடவ இதப் பாத்துட்டு நீ வீல்னு கத்தின. ஞாபகம் இருக்கா?” என்று வாலுவைக் கேட்டார் அத்தான்.

“இருக்குப்பா. அம்மா என்னத் தூக்கிட்டு வெளிய போனாங்க.”

அத்தானின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. தன்னோடு வாழ்ந்த இத்தனை நாளில் அந்த முகத்தை இவள் பார்த்ததில்லை. திமிங்கிலம் எவ்வளவு நீளம், எந்தக் கடலில் கிடைத்தது என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதன் கீழே அக்கா எந்த இடத்தில் நின்றிருப்பாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோட்டை. மேலே ஒரு பீரங்கி இருந்தது. அத்தான் வாலுவை அதன் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் இடப்பக்கம் போ, இன்னும் கொஞ்சம், கையை மேலே வை என்று சரி பண்ணிக்கொண்டே இருந்தார். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அக்கா அப்படித்தான் நிற்கிறாள். எல்லாம் பொருந்திய பிறகு கைப்பேசியை இவளிடம் நீட்டினார்.

“நீ எடு.”

நாள் முழுக்க மனிதர்களின் மூக்கோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவள் சின்னவள். திரையில் தெரிந்த மூக்கு யாருடையது என்று அவளுக்கா தெரியாது? பட்டனை அழுத்தும்போது வேண்டுமென்றே கையை ஆட்டினாள். படம் கலங்கிப் போயிருந்தது. அத்தான் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு எடு” என்றார். அதையும் ஆட்டினாள். பாவம், அந்த மனுஷன் வெயிலில் நின்று, “காத்து அடிக்குதுல்ல, நிதானமா எடு” என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்று திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலிலிருந்து ஒரு பலகை கண்ணில் பட்டது. பூட்டு அருங்காட்சியகம்.

“அத்தான், போன தடவ இது இருந்துச்சா?”

“இல்லையே, புதுசு போல. பூட்டுல போய் என்ன பாக்குறது?”

“பூட்டத்தான் பாக்கணும்” என்றாள் சின்னவள்.

மூன்றாம் நாள் அரண்மனையை விட்டுவிட்டு இரண்டு பேரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனாள். ஒரு சந்துக்குள் இரண்டு அறை. தலைக்கு மேலே மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. மரப்பூட்டு, சிறைச்சாலைப் பூட்டு, மீன் மாதிரி ஒரு பூட்டு, சாவி தொலைந்து திறக்கவே முடியாமல் போன ஒரு பூட்டு. அத்தான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டார். இவளுக்கோ கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு பூட்டின் முன்பும் நின்று, கீழே எழுதியிருந்ததை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். “மூச்சு நல்லா விட முடிஞ்சுது மேடம்” என்றாள்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் அம்மாள் சும்மா இருந்திருக்கலாம். டிக்கெட் கிழிக்கத்தான் சம்பளம், வம்பு இலவசம்.

“கூட வந்திருக்கிறது அம்மாவா கண்ணு?” என்று வாலுவைக் கேட்டாள்.

“சித்தி.”

“சித்தியா...” ஒரு பெருமூச்சு. குரலையும் தணித்துக்கொண்டாள். “சாப்பாடெல்லாம் ஒழுங்காப் போடறாங்களா?”

வாலுவுக்கு வந்ததே கோபம். “இவங்க அந்தச் சித்தி இல்ல. எங்கம்மாவோட சொந்தத் தங்கச்சி.”

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற சின்னவளின் காதில் அத்தனையும் விழுந்தது. முதலில் குளிர்ந்தது. அடுத்த நொடியே சுருக்கென்றது. பிள்ளை தன்னை விட்டுக்கொடுக்காமல்தான் பேசுகிறது. ஆனால் அதற்கு அக்காவைத்தானே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது? இருப்பதே இரண்டு அறை, அதற்குள்ளும் வந்து நின்றுவிட்டாள் மகராசி.

மீதிப் பூட்டுகளைப் பார்க்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். வாலுவும் பின்னாலேயே வந்து ஒட்டி உட்கார்ந்தது.

“கோவமா சித்தி?”

“இல்ல.”

“ஒண்ணு சொன்னா அப்பாகிட்ட சொல்ல மாட்டியே?”

“சொல்லு.”

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. திமிங்கலம், பீரங்கி, எதுவும். அப்பா எப்பவோ சொன்னதத்தான் திருப்பிச் சொல்றேன். சொன்னா அவரு சந்தோசப்படறாரு.” கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறியது. “அம்மா எப்படின்னு கேட்டா எல்லாரும் நல்லவ நல்லவன்னே சொல்றாங்க. நீதான கூடவே இருந்த. அம்மா எப்படி சித்தி?”

எனக்கும் மறந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பிள்ளையிடம் அக்காவின் கதை அதோடு முடிந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்ததை அவள் என்னிடம் மறைக்கவில்லை. “வந்துச்சு மேடம். நல்லாவே வந்துச்சு” என்றாள். பிள்ளையோ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லவளா? உங்கம்மாவா?” என்று ஆரம்பித்தாள். “சீட்டு ஆடினா சீட்ட மடிக்குக் கீழ ஒளிச்சு வச்சுக்குவா. கேட்டா அழுவா. பாட்டு வரவே வராது, ஆனா குளிக்கப் போனா தெருவுக்கே கேக்கற மாதிரி பாடுவா. எனக்கு முடி நீளம்னு அவளுக்குப் பொறுக்காது, தூங்கறப்ப ஒரு நாள் நுனியக் கத்திரிச்சு விட்டுட்டா.”

வாலு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டது: “குரல் எப்படி இருக்கும்?”

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள்.

“என் குரல்தான். அப்படியே இருக்கும். போன்ல பேசினா எங்கப்பாவுக்கே யாருன்னு தெரியாது.”

வாலு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை அவள் பக்கமாக நீட்டியது.

“பேசு சித்தி.”

“என்ன பேசறது?”

“எதாவது.”

இந்த இடத்தில் லென்ஸ் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

“என்ன பேசின?” என்று கேட்டேன்.

“திட்டினேன். ‘வெயில்ல என்னடி உக்காந்திருக்க, கழுத, எந்திரி’ன்னு. அவ திட்டற மாதிரியே. கண்ணத் தொறக்காமலே சிரிச்சா மேடம். யார நெனச்சுச் சிரிச்சான்னு எனக்குத் தெரியல.”

“கேட்டிருக்கலாமே.”

“கேக்கல” என்றாள். “கேட்டா உண்மையச் சொல்லிடுவா.”