மணலுக்கடியில் கேட்டுக்கொண்டிருந்தவன்

செத்தவர்களிடம் பேசுவது குளோரிக்குப் பழகிப்போன காரியம். புருஷன் குடித்தே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, இரணியல் சந்தையில் மீன் விற்று வெறும் பாத்திரத்தோடு திரும்பும்போதெல்லாம் கல்லறைத்தோட்டத்துக்குள் நுழைவாள். சாளை என்ன விலை போனது, பேரம் பேசி உயிரை எடுத்தவள் யார் என்று அவனிடம் ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். உயிரோடிருந்தபோது அவன் ஒருநாளும் காது கொடுத்தவனில்லை. செத்தபின் கேட்டான். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

மகன் ஜெனித்தின் கல்லறையில் மட்டும் அப்படி இல்லை.

முட்டத்துக்கு மேற்கே, பந்து உதைக்கப் பழகிய பிறகே எழுத்துப் படிக்கிற பிள்ளைகள் நிறைந்த கடற்கரை ஊர் அது. ஜெனித் ஊர்க் கோயிலின் பங்கு அணியில் கோல்கீப்பர். நீல ஜெர்ஸி, முதுகில் பெயர். அதை மடித்து எடுத்துக்கொண்டுதான் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனான். புயல் வருவது கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சொல்லவேண்டியவர்கள் பிற்பாடு ஆளுக்கொரு அறிக்கை வாசித்தார்கள்.

வடக்கே ஏதோ ஒரு கரையில் உடல் ஒன்று ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. ஜெர்ஸி மட்டும் ஒட்டிக்கிடந்தது. மந்திரி வருமுன் கணக்கை முடித்துவிடும் அவசரத்தில் இருந்த அதிகாரி, "பேரே எழுதியிருக்கு. இதுக்கு மேல என்னம்மா பரிசோதனை?" என்றார். குளோரி கையெழுத்துப் போட்டாள். ஆணியடித்த பெட்டி வந்தது, ஆணியடித்தபடியே குழிக்குள் போனது. அன்றுமுதல் அவள் மீனை விற்றாள், தின்னவில்லை.

மகனிடம் பேசத் தொடங்கிய முதல் நாளே ஏதோ பிசகியது. கீழே ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அறியாத வீட்டில் விருந்துக்கு வந்தவன்போல, மரியாதையாக, எதுவும் புரியாமல். கண்ணை மூடி மகன் முகத்தை நினைத்தால், முகமில்லாத ஒன்று அவள் பக்கம் திரும்பியது. உச்சிவெயிலில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மக்களே, நீதானா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். காற்று மணலை வாரிச் சிலுவையில் அடித்தது.

பிறகு சிகரெட் வரத் தொடங்கியது. திங்கட்கிழமை ஆத்துமாக்களின் நாள். ஒவ்வொரு திங்களும் அவள் சந்தையிலிருந்து திரும்பும்போது சிலுவைக்கடியில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியும், பக்கத்தில் பாதி புகைத்த சிகரெட் ஒன்றும் நேராக வைக்கப்பட்டிருந்தன. ஜெனித் சிகரெட்டைத் தொட்டதில்லை.

கோயில் உபதேசியார் ஞானதாசன் குரலைத் தாழ்த்தினார். "ஆத்துமா அலையுது குளோரி. ஒரு பூசைக்கு குடு."

"ஆத்துமா தீப்பெட்டிய எங்க வச்சிருக்கும் உவதேசியாரே? மடியிலயா?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளே நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

கடையடைப்பென்று சந்தை பாதியில் கலைந்த ஒரு திங்களன்று, முற்பகலிலேயே வந்துவிட்டாள். கல்லறைத்தோட்டத்தில் ஈ காக்கை இல்லை. ஜெனித்தின் கல்லறைமேல் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். ஒரு காதை மணலில் அழுத்தி, கண்ணைத் திறந்தபடி, அசையாமல். பிணம் வெளியே வந்து கிடக்கிறதோ என்றே குளோரிக்குத் தோன்றியது. பிறகு அந்தக் கண் இமைத்தது.

"எட்டி! எழும்பு! யாருட்டி நீ, எனக்க மோனுக்க மேல வந்து கெடக்கியது?"

அவள் எழுந்தாள். கன்னம் முழுக்க மணல். "உங்க மோன் இல்ல மாமி," என்றாள். "எனக்க மாப்பிளயாக்கும். சிகரெட்டு அவருக்குத்தான் வச்சியது."

இரண்டு ஊர் தள்ளி இருப்பவள். பெயர் ஜாஸ்மி. அவள் கணவன் பெனிட்டோ அதே படகில் போனவன். காணாமல்போனவர்களில் ஒருவன். அவள் செல்போனை நீட்டினாள். கடலுக்குள் சிக்னல் தீருமுன் அவன் அனுப்பிய கடைசிப் படம். கயிறு இழுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். முதுகில் நீல ஜெர்ஸி, ஜெனித் என்ற பெயர். படகில் காய்ந்தது யார் சட்டையோ அதை எடுத்து மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். அந்த வழக்கம் தெரியாதவளா குளோரி? மீனவன் பெண்டாட்டி, மீனவன் தாய். தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டோம் என்று அப்போதுதான் தன்னையே கேட்டாள். ஒரு குழியாவது வேண்டியிருந்தது, அதுதான்.

"காணாமப்போனவன செத்ததா எழுத ஏழு வருசம் பொறுன்னு ஆபீசுல சொல்லுதாவ," என்றாள் ஜாஸ்மி. "நான் தாலிய கழத்தணுமா, இட்டுக்கிட்டு இருக்கணுமா? ஒருத்தரும் பறைய மாட்டேங்குதாவ மாமி."

அன்று குளோரி அவளை விரட்டிவிட்டாள். இரவெல்லாம் ஜெபமாலை உருட்டியும் மனம் அடங்கவில்லை. தோண்டினால் மகன் இல்லாமல் போவான். தோண்டாவிட்டால் ஒருத்தி ஏழு வருடம் மனைவியுமில்லை, விதவையுமில்லை. விடிந்ததும் குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் அபினாவை அழைத்தாள்.

"அம்மா, நீ யாருக்க கிட்ட பேசுகன்னு தெரியாமலே பேசிட்டிருப்பியா?" என்றாள் மகள். "தோண்டச் சொல்லு. எனக்க ரத்தமும் வேணும்னா லீவு போட்டுட்டு வாறேன்."

பங்குத்தந்தை தயங்கினார். "ஆறின புண்ணைக் கீறணுமா?"

"ஈஸ்டருக்கு கல்லறை காலி காலின்னு நீங்கதான பாடுதிய ஃபாதர்? அண்ணைக்கும் பெண்ணுவதான போய்ப் பாத்தாவ? எனக்க காரியத்துல மட்டும் மூடியே கெடக்கணுமா?"

தோண்டக் கேட்டு எழுதிய மனுவில் அவரே முதல் கையெழுத்தை இட்டார்.

தாசில்தார் முன்னிலையில் குழி திறந்தது. குழியிலிருந்த எலும்பும், குளோரியின் ரத்தமும், பெனிட்டோவின் அண்ணன் ரத்தமும் மரபணுச் சோதனைக்காகச் சென்னைக்குப் போயின. முடிவு வரும்வரை ஜாஸ்மி ஒவ்வொரு திங்களும் வந்தாள். முதலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு ஒரே ஜெபமாலையை ஆளுக்குப் பாதி சொன்னார்கள். பிறகு குளோரி வீட்டில் ஒருத்திக்குக் கூடுதலாகச் சோறு வெந்தது.

முடிவு வந்தது. ஜெனித் இல்லை. பெனிட்டோவும் இல்லை.

அப்படியானால் அத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தவன் யார்?

இருவரும் படகுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "ஆளு கொறையுதுன்னு கொச்சியில வச்சு ஒருத்தன ஏத்தினோம். மாத்துத்துணிகூட இல்லாம வந்த ஒடிசாக்காரப் பயலு. பேரா? பாய்னு விளிப்போம்."

"படகுக்கு சுத்திலும் பெயிண்டடிச்சு பேரெழுதினியே," என்றாள் குளோரி. "ஆளுக்க பேரக் கேக்க உனக்க வாயில என்ன, கொழுக்கட்டையா?"

தொலைந்தவர்கள் கணக்கில் அவனை எவரும் சேர்க்கவில்லை. அரசாங்கத்துக்கு அவன் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை. பங்குப்பேரவையில் ஒருவர், வேதக்காரன்தானா என்று தெரியாதவனை நம் கல்லறையில் வைத்திருக்கலாமா என்று இழுத்தார்.

"கடலு ஞானஸ்நானச் சீட்டு கேட்டுட்டா எடுத்துச்சு?" என்றாள் குளோரி. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. சிலுவையிலிருந்து மகன் பெயரை அவளே சுரண்டி எடுத்தாள். அன்று ஜாஸ்மிதான் அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

படகுக்காரரின் போனிலிருந்து அந்தப் பையன் ஒருமுறை வீட்டுக்குப் பேசியிருந்தான். அந்த எண்ணை வாங்கி வந்திருந்தார்கள். "அது எப்பவும் சுவிட்ச் ஆஃப்தான்," என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார். இந்தி பேசத் தெரிந்த அபினா குவைத்தில் டியூட்டி முடித்துப் போனில் வரவேண்டும். அதற்குள் எண் உயிரோடிருக்கிறதா பார்ப்போம் என்று, மாலை வெளிச்சம் முற்றத்தில் கிடக்கும்போது, ஜாஸ்மி சும்மா அழுத்திப் பார்த்தாள்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். எடுத்த வேகத்திலேயே ஒரு பெண் குரல் கத்தியது.

"பிகாஸ்? பிகாஸ்!"

பிறகு சிரிப்பும் அழுகையுமாகப் புரியாத மொழியில் கொட்டத் தொடங்கியது. திட்டினாள், கொஞ்சினாள், யாரையோ உள்ளிருந்து கூவி அழைத்தாள். நடுநடுவே அந்தப் பெயர்.

ஜாஸ்மி போனைக் காதிலிருந்து விலக்கினாள். "கட் பண்ணட்டா மாமி?"

குளோரி போனை வாங்கிக்கொண்டாள். இப்படியொரு அழைப்புக்காக அவளும் எத்தனை நாள் போனைத் தலைமாட்டில் வைத்துக் கிடந்திருக்கிறாள்! என்ன சொன்னாலும் மறுமுனையில் இருப்பவளுக்குப் புரியப்போவதில்லை. அழுதால் பயந்துவிடுவாள். வாயைத் திறந்தபோது, தினமும் வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

முதல் பாதியை முடித்தாள். ஜாஸ்மி அருகில் நெருங்கி மறுபாதியைச் சொன்னாள். மீண்டும் குளோரி. மீண்டும் ஜாஸ்மி. மறுமுனையில் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு கேள்விகள் நின்றன. மூச்சு மட்டும் கேட்டது.

அந்தத் தாய் போனை வைக்கவில்லை. இவர்களும் நிறுத்தவில்லை.