ஒரு டேப் நீளப் பேய்க்கதை

"கதவின் கைப்பிடி மெதுவாகத் திரும்பியது. அறைக்குள் யாரும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள்தானே பூட்டினாள்? ஆனாலும் கைப்பிடி திரும்பியது..."

மூன்றாம் நம்பர் கட்டிலில் கதை படித்துக்கொண்டிருந்த டெய்லரக்கா இந்த இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த நொடியில், ஒன்றாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்த லாரி டிரைவரின் வலது கையை ஏதோ கபக்கென்று பிடித்து இறுக்கியது.

"ஐயய்யோ! விடு! யாருடா அது!"

பிடித்தது பேய் இல்லை, பிபி பார்க்கும் பட்டை. அரை மணிக்கு ஒருமுறை அதுவாகவே காற்றை நிரப்பிக்கொண்டு கையை இறுக்கும், அளக்கும், விட்டுவிடும். நான்கு கட்டிலிலும் ஒரே நேரத்தில். மூன்று வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பட்டைக்குக் கையைக் கொடுத்துவரும் மனுஷர், அதையே மறந்துபோய் அலறினார் என்றால் கதை அப்படி!

"மலைப்பாதையில தனியா லாரி ஓட்டுன ஆளுன்னு சொன்னீங்களே அண்ணே?" என்று டெய்லரக்கா புத்தகத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மலையில எவனும் என் கையப் புடிக்கல தங்கச்சி!"

இரண்டாம் நம்பர் கட்டிலில் கணக்கு டீச்சர். "எனக்கு ஒரு சந்தேகம். பேய்தானே? சுவர் வழியா வர வேண்டியதுதானே? கைப்பிடி எதுக்கு அதுக்கு?"

"டீச்சர், நீங்க பேய்க்கும் பெயில் மார்க் போடுவீங்க போல" என்றார் டிரைவர்.

நான்காம் நம்பரில் தபால்காரர். அவர் கண்ணை மூடித் தூங்குவதாகப் பேர். ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் விரல்கள் பத்தும் சுருண்டு கிடக்கும். கதை எங்கே போகிறது என்பதை அந்த விரல்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இது ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. டயாலிசிஸ் அறை. சிறுநீரகம் கைவிட்ட வேலையை இங்கே மெஷின் செய்கிறது. இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. நான்கு மணி நேரம்! பஸ்ஸில் ஏறினால்கூட ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

டெய்லரக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். ஒரு நாளைக்கு இருபது சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த கைகளைச் சும்மா வைத்திரு என்றால் என்ன செய்வார்? முதல் மூன்று மாதம் கூரைப் பலகைகளை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. மறுநாளும் நூற்றுப் பன்னிரண்டு. ஒருநாள் வீட்டில், "இன்னைக்கு வேண்டாம், உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் காலையில் மூச்சு வாங்க முடியாமல் உதடு நீலம் பாரித்து, அவர் வீட்டுக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஓடினார். அந்த மனிதர் சைக்கிள் கடை வைத்திருப்பவர், ஒல்லி. எப்படித் தூக்கினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகுதான் வெளியே காத்திருக்கும் இடத்தில் கிடந்த பழைய மாதப் பத்திரிகை ஒன்று கையில் மாட்டியது. அட்டை இல்லை. உள்ளே மூன்று பக்கத்தில் ஒரு திகில் சிறுகதை. தன் சொந்த நம்பரிலிருந்தே தனக்குப் போன் வருகிற ஒருத்தியின் கதை. அதைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது மணி பதினொன்று! கூரைப் பலகையின் நினைப்பே வரவில்லை. உடம்பு பூராவும் சிலிர்த்துப் போய், உயிரோடு இருக்கிறோம் என்று ஒவ்வொரு மயிர்க்காலும் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலுக்கு அந்தக் கதையைச் சொன்னார். சொன்னால் பத்தவில்லை, படி என்றார்கள். படித்தார். அன்றிலிருந்து பதினான்கு மாதம், ஒரு நாள்கூட அவர் டயாலிசிஸைத் தவறவிடவில்லை. நூலகத்தில் இவர் தலை தெரிந்ததும் நூலகர், "பேய் புஸ்தகம் ரெண்டாவது அலமாரிம்மா" என்று கேட்காமலேயே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்கு வினை வந்தது பதினொரு மணிக் கணக்கில்.

புதிதாக வந்த டாக்டர் இளைஞர், படு சுறுசுறுப்பு. ஃபைல்களைப் புரட்டினார். பத்தரைக்கு எடுத்த பிபி சரியாக இருக்கிறது. பதினொன்றுக்கு எகிறுகிறது. பதினொன்றரைக்கு மறுபடி சரி. ஒருவருக்கு என்றால் பரவாயில்லை, நான்கு பேருக்கும்!

"நாலு பேருக்கும் ஒரே நேரத்துல ஏறுதுன்னா அது மனுஷன் கோளாறு இல்ல சிஸ்டர், மெஷின் கோளாறு" என்று முடிவு கட்டினார்.

சிஸ்டருக்கு உண்மை தெரியும். ஆனாலும் ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டார். பத்து நாற்பதுக்கு மருந்து டிரேயைத் துடைக்கிற சாக்கில் மூன்றாம் கட்டில் பக்கமே நிற்கிற ஆள் அவர். முடிவு தெரியாமல் இருக்க அவராலும் முடியாது.

மெஷின் ரிப்பேர்க்காரர் வந்தார். பட்டைகளைக் கழற்றினார், மாட்டினார், தன் கையிலேயே அளந்து பார்த்தார். எல்லாம் சரி. பத்து நாற்பதுக்கு டெய்லரக்கா ஆரம்பித்தார். ரிப்பேர்க்காரர் கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினொன்றுக்குப் பட்டைகள் 'உஸ்' என்று இறுகியபோது, மூன்று பேரோடு சேர்ந்து நான்காவதாக அலறியது அவர்தான்.

டாக்டரிடம் போய் நின்றார். "மெஷின் நல்லா இருக்கு சார். கதைதான் ஓவரா வேலை செய்யுது."

டாக்டர் சிரிக்கவில்லை. நேராக மூன்றாம் கட்டிலுக்கு வந்தார். "அம்மா, பொழுதுபோக்கு வேணும், புரியுது. ஆனா எனக்கு நிஜமான பிபி வேணும். அதைப் பார்த்துத்தான் மருந்தே எழுதறேன். பதினொண்ணுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நிறுத்திடுங்க. எல்லாரும் அமைதியாகட்டும். அளந்த பிறகு மிச்சத்தைப் படிங்க."

நியாயமான பேச்சு. மறுமுறை சரியாகப் பத்து ஐம்பத்தைந்துக்கு டெய்லரக்கா நிறுத்தினார். நிறுத்திய இடம்: "கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது."

"சொல்லிடு தங்கச்சி. யாரு கீழ?"

"டாக்டர் வேண்டாம்னார் அண்ணே."

"தலைய மட்டும் ஆட்டு. அவ அம்மாவா?"

தபால்காரரின் விரல்கள் சுருண்டன. டீச்சர் இடது கை அசையாமல் மெதுவாகக் குனிந்து தன் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஐந்து நிமிஷம் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பட்டை இறுகியது. டிரைவருக்கு நூற்று எழுபத்தெட்டு! இதுவரை வந்ததிலேயே அதிகம்.

"போதும். இனிமே கதையே வேண்டாம்" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் கூரைப் பலகை நூற்றுப் பன்னிரண்டும் அங்கேயேதான் இருந்தன. டிரைவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தபால்காரர் நிஜமாகவே தூங்கினார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

அந்த வாரக் கடைசி முறைக்குக் காலையில், வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டெய்லரக்கா வாசலுக்கு இறங்கி வந்து, "இன்னைக்கு வேண்டாங்க, உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

துடைத்துக்கொண்டிருந்த துணி அவர் கையிலேயே நின்றது. இதே வார்த்தை. போன தடவையும் இதே வார்த்தைதான்.

அந்த மனிதருக்குப் பேய் என்றால் ஆகவே ஆகாது. மனைவி நூலகப் புத்தகத்தை மேஜையில் வைத்தால், அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். டாக்டர், கோட்டு போட்டவர், ஆங்கிலத்தில் எழுதுபவர் என்றாலும் அவருக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்கு மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி ஸ்கூட்டரில் உட்காரவைத்து, மூன்றாம் மாடியில் விட்டுவிட்டு, டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், அவ படிக்கட்டும் சார்."

"நான் காரணத்தோடதான் நிறுத்தினேன்..."

"எனக்குப் பேய்னா ரொம்பப் பயம் சார். தனியா மொட்டை மாடிக்குக்கூடப் போக மாட்டேன். ஆனா அவ இங்க வர மாட்டேன்னு சொன்னா பாருங்க, அது..." கையில் இருந்த ஹெல்மெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே நின்றார். "ரெண்டு மாடி தூக்கிட்டு ஓடினேன் சார் அன்னைக்கு. இன்னொரு தடவை என்னால ஓட முடியாது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து டயாலிசிஸ் அறைக்கு வந்தார்.

"ஒரே ஒரு தடவை பார்க்கலாம். அடுத்த முறை படிங்க. ஆனா பதினொரு மணிக்கு நாலு பேருக்கும் பிபி ஒழுங்கா இருக்கணும். இல்லன்னா இதோட முடிஞ்சுது."

சாயங்காலம் முழுக்க டெய்லரக்கா தையல் மெஷினைத் தொடவில்லை, யோசித்தார். கைப்பிடி திரும்பினபோது ஏறியது. பேச்சு மூச்சில்லாமல் காத்திருந்தபோது அதைவிட ஏறியது. ஆனால் பதினொன்றரைக்கு என்றைக்காவது ஏறியிருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை? அதற்குள் கதை முடிந்திருக்கும்! முடிந்த கதையைப் பற்றிச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்!

"ஏங்க! பயம் ஒண்ணும் பண்ணலைங்க! பாதியில நிக்குது பாருங்க, அதுதான் பண்ணுது!"

"என்னம்மா சொல்ற?"

"ரெண்டு அளவுக்கு நடுவுல அரை மணி இருக்கு. அதுக்குள்ள கதை முழுசா முடியணும். அவ்வளவுதான்."

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். வீட்டுக்காரரைக் கடிகாரத்தோடு எதிரில் உட்காரவைத்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தார். அவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். மூன்று இன்ச் நீளத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. டேப்பின் முழு நீளம் அறுபது இன்ச். அப்படியென்றால் இருபது நிமிஷம். ஆரம்பிக்க இரண்டு நிமிஷம், முடிந்த பிறகு டீச்சர் குற்றம் கண்டுபிடிக்க எட்டு நிமிஷம். தையலுக்குத் துணி விடுவதுபோல இதையும் விட்டுத்தான் ஆகவேண்டும். பிறகு புத்தகங்களை வரிசையாகப் பரப்பி, பத்திகளின் மேல் டேப்பை ஓட்டி ஓட்டி அளந்தார். எழுபத்திரண்டு, வேண்டாம். நாற்பது, பத்தாது. நூறு, அம்மாடி, இது கதையா கால்சட்டையா? கடைசியில் ஒன்று சிக்கியது. ஐம்பத்தொன்பது இன்ச்.

குறிப்பிட்ட நாள். பத்தரைப் பட்டை இறுகித் தளர்ந்தது. பத்து முப்பத்திரண்டுக்கு டெய்லரக்கா ஆரம்பித்தார். நான்கு பேர் லிஃப்டில் ஏறுகிறார்கள். கதவு மூடுகிறது. உள்ளே கண்ணாடியில் ஐந்து பேர் தெரிகிறார்கள்.

"ஐயோ" என்றார் டிரைவர், முதல் வரியிலேயே.

ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் இறங்குகிறார். கண்ணாடியில் மட்டும் யாரும் குறையவில்லை. ஆறாவது நிமிஷம் டாக்டர் ஃபைலோடு உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். அதற்குப் பிறகு அந்த ஃபைலில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. பதினெட்டாவது நிமிஷம் தபால்காரர் தூங்குவதாகக் காட்டிக்கொள்வதை விட்டுவிட்டு எழுந்தே உட்கார்ந்தார். பத்து ஐம்பத்திரண்டு. கடைசி வரி. கதவு திறந்தது, லிஃப்ட் காலி, கண்ணாடியில் மட்டும் ஐந்து பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆ!" என்று எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அப்புறம் என்ன, கலாட்டாதான்!

"அஞ்சாவது ஆள் எடை எவ்வளவு? லிஃப்ட் கத்தியிருக்கணுமே?" டீச்சர்.

"பேய்க்கு எடை போட்டது நீங்க ஒருத்தர்தான் டீச்சர்!" டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தபால்காரர், "அந்த பில்டிங்குக்கு நான் தபால் கொடுத்திருக்கேன்னு தோணுது" என்று மெதுவாகச் சொல்ல, சிஸ்டர் டிரேயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பதினொன்று. பட்டைகள் இறுகின. சிஸ்டர் படித்தார்.

"ஒண்ணு, நூத்தி முப்பத்தாறு. ரெண்டு, நூத்தி இருபத்தெட்டு. நாலு, நூத்தி முப்பத்திரண்டு." கொஞ்சம் தயங்கினார். "மூணு... நூத்தி எழுபத்தி நாலு."

எல்லாத் தலையும் திரும்பியது. பதினான்கு மாதமாக எந்தக் கதைக்கும் மற்ற மூவர் அளவுக்கு எகிறாத டெய்லரக்கா!

"என்னம்மா இது? படிச்சவங்களே பயந்துட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"பேய்க்கு யாரு சார் பயந்தா?" புத்தகம் மடியிலிருந்து நழுவியது. "அவங்களுக்கு எட்டு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சுது. எனக்கு இன்னும் முடியலையே. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியாம பாதியிலேயே நிக்கிறேனே சார்!"

டாக்டர் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடிப் பிடித்து, திரும்ப அவர் கையில் வைத்தார்.

"படிங்க. எப்பவும் படிங்க. ஆனா இந்த அளவுலேயே."

டிரைவர் ஒற்றைக் கையால் கட்டில் கம்பியில் தாளம் போட்டார். சிஸ்டர் பத்து நிமிஷம் கழித்து மூன்றாம் கட்டில் பட்டையை மறுபடி அமுக்கினார். நூற்று முப்பத்தெட்டு! தேர்வில் பாஸான மாதிரி அறையே கத்தியது.

ஒரு மணிக்குக் கீழே ஸ்கூட்டரோடு நின்ற வீட்டுக்காரர், மனைவியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சிரிப்பும் வந்தது, மூக்கையும் துடைத்துக்கொண்டார்.

"படிக்கலாமா?"

"எப்பவும் படிக்கலாமாம்."

"சந்தோஷம்மா. ரொம்ப சந்தோஷம். என்ன கதைன்னு மட்டும் சொல்லிடாத."

"சரிங்க" என்று டெய்லரக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பியது. "நாலு பேர் லிஃப்ட்ல ஏறுறாங்க" என்று அவர் காதோரமாக ஆரம்பித்தார். பாவம், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்ததால் அந்த மனிதருக்குக் காதைப் பொத்திக்கொள்ள வழியே இல்லை.