ஓணானுக்குச் சுண்ணாம்புச் சத்து

ஓணானும் நானும் ஒரே கீரையைத் தின்றால் இரண்டு பேருக்கும் எலும்பு ஒரே மாதிரி வளரும் என்று நம்பிய முட்டாள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதுக்குமே அது கொஞ்சம் அதிகப்படிதான்.

அமெரிக்காவில், டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் புது வீட்டுக்குக் குடிவந்த வருடம், நாய் கேட்டு அழுத எனக்கு அப்பா ஓர் இக்குவானா வாங்கித் தந்தார். குரைக்காது, முடி கொட்டாது, முக்கியமாக அது சைவம். அம்மாவுக்கு அந்தக் கடைசித் தகுதி மட்டும்தான் பிடித்திருந்தது. மற்றபடி அவளுக்கு அது வெறும் ஓணான்.

கடைக்காரர் தினமும் இலைதழை போடச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இலைதழை என்றால் ஸ்பினாச். ஊரில் கிடைத்த முளைக்கீரை, அரைக்கீரை எல்லாவற்றுக்கும் டெக்சஸில் அது ஒன்றே பதிலாள். பருப்புப் போட்டுக் கடைந்தது எனக்கு, பச்சையாக நறுக்கியது அதற்கு. நான் தட்டைத் தள்ளினால் அம்மா அது இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டுவாள்.

"அதப் பாரு, ஒரு வார்த்தை பேசாம சாப்பிடுது. நீயும் இருக்கியே."

அந்த வீட்டில் எனக்கு வாய்த்த முன்மாதிரி அதுதான்.

ஒரு நாள் காலையில் முன்மாதிரிக்குக் கால் நடுங்கியது. கிளையில் ஏறப்போய்த் தொப்பென்று விழுந்தது. தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது. செத்துவிடும் என்று நான் அழுத அழுகையில் அப்பா ஆபீசுக்கு லீவு போட்டார். டாக்டரிடம் போகும் வழி முழுக்க, ஃப்ரீவேயில், அம்மா ஓணானை வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா போங்க, குலுங்குது" என்று அப்பாவை விரட்டியபடி வந்தாள்.

எலும்பில் கால்சியம் இல்லை என்றார் மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டெய்லி கீரைதாங்க குடுக்கறேன்" என்று தமிழிலேயே முறையிட்டாள். அப்பா மொழிபெயர்த்தார். டாக்டரம்மா தலையில் கைவைக்காத குறை. ஸ்பினாச்சில் இருக்கும் ஏதோ ஒன்று கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாதாம். இனிமேல் கொலார்டு என்ற கீரை, கடுகுக்கீரை, வாயில் விட ஒரு கால்சியம் மருந்து, வெயிலுக்குப் பதிலாகத் தொட்டிக்கு மேலே ஒரு தனி விளக்கு. நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டு பங்காக வந்தது: ஒரு பங்கு ஓணானுக்காக, இன்னொன்று என் தட்டுக்காக.

சில வாரத்தில் அது மறுபடியும் கிளை உச்சிக்கு ஏறி, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டியது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அதற்குத் திருஷ்டி சுற்றினாள். பிடிக்காத பிராணிக்கு எதற்குத் திருஷ்டி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்காதது இன்னொன்றும் இருந்தது. அன்று இரவும் என் தட்டில் அதே கடைந்த கீரை.

"அம்மா, ஸ்பினாச் இஸ் பேட் ஃபார் போன்ஸ். டாக்டரே சொன்னாங்க."

அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள்.

"நீ என்ன ஓணானா?"