நன்றாகப் பிழிந்தவன்

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாக்காவில் டோபி. முதலாளியும் நானே, வேலையாளும் நானே. காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குள் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஒரு துவைகல், ஒரு வெள்ளாவிப் பானை, ஒரு இஸ்திரிப் பெட்டி. கிணறு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. தட்டிக் கேட்க ஆள் கிடையாது. எனக்கு நானே கோபித்துக்கொண்டு நானே சமாதானமாகிவிடுவேன்.

அந்த நிம்மதிக்கு ஒருநாள் வேட்டு வைத்தார்கள். ஜப்பானிய அதிகாரிகள் தங்கியிருந்த விடுதியின் துணி முழுவதும் இனி என் பொறுப்பு என்று ஆள் அனுப்பினார்கள். ஒண்டியாளால் முடியாதே என்றேன். ஒரு வேலையாள் வைத்துக்கொள் என்று அலுவலக முத்திரை குத்திய சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு பெயர் எழுதலாம். அந்தச் சீட்டு எவன் கையில் இருக்கிறதோ அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போகமாட்டார்கள். அப்போது லாரியில் ஏற்றிப்போன யாரிடமிருந்தும் ஒரு சேதியும் வந்ததில்லை.

சட்டையை யார் வெளுப்பார்கள் என்பதுதான் என் கவலை. அந்தச் சீட்டு உயிர் விஷயம் என்று மண்டையில் ஏற இரண்டு நாள் ஆனது. அதற்குள் பள்ளிக்கூட வாத்தியாரும் நகைத் தட்டாரும்கூட, தாங்கள் சின்ன வயதிலிருந்தே நன்றாகத் துவைப்போம் என்று வாசலில் வந்து நின்றார்கள். ஆள் எடுப்பது எப்படி என்று எனக்கு எங்கே தெரியும்? நான் யாரிடமும் வேலை கேட்டதுகூட இல்லை. கடைசியில், நனைத்த போர்வை ஒன்றைக் கொடுத்துப் பிழியச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். வாத்தியார் தன் வேட்டியைத்தான் நனைத்துக்கொண்டார்.

நான்காவதாக வந்தவன் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவன். துரை பங்களாவில் துணி வெளுத்தவனாம். என் வயதுதான் இருக்கும். போர்வையின் ஒரு முனையைக் கிணற்றுத் தூணில் சுற்றி, மறு முனையைப் பிடித்து முறுக்கினான். கடைசிச் சொட்டு விழுந்ததும் நானே தொட்டுப் பார்த்தேன். கையில் ஈரமே ஒட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் பொறாமையாகக்கூட இருந்தது.

“நாளைக்கு வா, சொல்றேன்” என்றேன். ஏன் அப்போதே சரி என்று சொல்லவில்லை? முதலாளி என்றால் கொஞ்சம் காக்கவைக்க வேண்டும் என்று எவனோ சொல்லக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அன்று மாலை கிணற்றுக்காரர் வீட்டு அம்மாள் வந்தார். பெயர்தான் செட்டிகள். வட்டிக்கடைச் செட்டியார்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாக்காவோடு கலந்தவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அந்த அம்மாள் கெபாயாச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கல்லில் கிடந்த சட்டைகளைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பாதி முடிந்ததும் நிமிராமலே மலாயில் சொன்னார்: “தவுக்கே, சூராட்டில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள். வேலையை நான் செய்கிறேன்.” தவுக்கே என்றால் முதலாளி; சூராட் என்றது அந்தச் சீட்டை.

எழுதிவிட்டேன். இரக்கப்பட்டா, அவர்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோமே என்ற பயத்திலா, ஒரு பெண்பிள்ளைக்கு இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் தோட்டத்துக்காரன் வந்தபோது, “ஆள் எடுத்தாச்சு” என்றேன். “சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, கல்லில் கிடந்த ஈரப் போர்வையை எடுத்துப் பிழிந்து உதறிப் போட்டுவிட்டுத்தான் போனான். நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்புறம் பார்த்தால் எனக்கே குழப்பம். சீட்டில் இருப்பவர் கணவர், துவைப்பவர் மனைவி, அதட்டுபவன் ஜப்பான்காரன். நான் யாருக்கு முதலாளி? அந்த மனிதர் போருக்கு முன் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா. துணியைக் கல்லில் அடிக்கச் சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் அடிப்பார். பார்க்கச் சகிக்காமல் மடித்து வைக்கும் வேலையைக் கொடுத்தேன். மடிப்பில் கெட்டிக்காரர். ஒரு சட்டை பிசகாமல் அடுக்குவார்.

துணி மாறாமலிருக்க டோபிகள் சேங்கொட்டை மையால் குறி போடுவோம். கப்பல் வராத காலத்தில் சேங்கொட்டைக்கு எங்கே போவது? இடுப்பில் கட்டும் பழைய சிவப்புச் சாரம் ஒன்றைப் பிரித்து, கழுத்துப் பட்டைக்கு உள்ளே நூலால் குறி தைத்தேன். ஒரு தையல் ஒருவருக்கு, இரண்டு தையல் இன்னொருவருக்கு, பெருக்கல் குறி பெரிய அதிகாரிக்கு. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதுவரை யாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது?

ஒருநாள் காலை குமாஸ்தா முகமெல்லாம் சிரிப்பாக என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு சிகரெட் டப்பா. அதன்மேல் சிவப்பு நூலை அழகாகச் சுற்றியிருந்தார். ஊரில் கிழிசல் தைக்க ஒரு முழம் நூல் கிடைக்காத காலம். வீணாகச் சட்டையில் தொங்கிய நூலையெல்லாம் எனக்காக மிச்சம் பிடித்தாராம். நாற்பது சட்டையிலும் ஒரு குறிகூடப் பாக்கியில்லை.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. தமிழிலும் மலாயிலும் வாய்க்கு வந்தபடி கத்தினேன். இனி இந்தப் பக்கம் வராதே என்றேன். அவர் டப்பாவை இஸ்திரி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் மனைவிதான் நாற்பது சட்டையையும் பரப்பி, பொத்தானையும் கழுத்துத் தேய்மானத்தையும் பார்த்துப் பார்த்துப் பிரித்தார். துவைத்த கை அல்லவா! மத்தியானத்துக்குள் நாற்பதும் சரியாகிவிட்டன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “உன் வீட்டுக்காரரை வரச் சொல்” என்றேன்.

“ஜப்பான்காரன் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். வேலை போன பிறகு அரசாங்கக் காகிதத்தை வைத்திருக்கக் கூடாதாம். சூராட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார்” என்றார். குமாஸ்தா புத்தி!

சட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலைக் கடந்தபோது குட்டிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. அலுவலக முற்றத்தில் லாரி நின்றது. நினைத்தது சரி. மனிதர் சீட்டை நீட்டியதுமே ஏற்றிவிட்டார்கள். லாரிப் பலகையைப் பிடித்தபடி பிழை கண்டுபிடிக்கப்பட்ட குமாஸ்தாவாகவே நின்றார்.

பெரிய அதிகாரி வாசலில் இருந்தார். அவருடைய சட்டையைக் கட்டிலிருந்து உருவி நீட்டினேன். “அவர் என் ஆள். யாருடைய சட்டை எது என்ற குறி அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் போனால் உங்கள் சட்டை வேறொருவர் உடம்புக்குப் போய்விடும்” என்று மலாயில் உளறினேன். குறியைப் பிரித்துப் போட்டவரைப் பற்றித்தான் சொல்கிறேன்! பக்கத்திலிருந்த எழுத்தர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாததற்கு என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு லாரியைப் பார்த்துக் கையசைத்தார். குமாஸ்தா இறங்கினார்.

அவர் நின்ற இடம் காலியானபோதுதான் பின்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். தோட்டத்துக்காரன். அவன் என்னை முதலிலேயே பார்த்திருக்கிறான். நான் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அண்ணே, நான் நல்லாத்தானே பிழிஞ்சேன்?” என்றான்.

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். லாரி கிளம்பிவிட்டது.

திரும்பி வரும்போது குமாஸ்தா சட்டைக் கட்டை என்னிடமிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், லாரியில் இருந்தவர் யார் என்று கேட்டார்.

“என் ஆள்” என்றேன்.